கடப்பாரைக்குப் பொட்டு வைத்த கதை

முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் நெம்புகோல் பாடம் நடத்தியவன் நான். கடப்பாரையைக் கையில் பிடித்தது என்னவோ அறுபத்தெட்டாவது வயதில்தான். அப்போதும் பிடிக்காமல் இருந்திருக்கலாம்.

என் மனைவி சரோஜாவுக்குச் சேலத்தில் முழங்கால் மூட்டு அறுவை சிகிச்சை. மகள் துணைக்கு இருந்தாள். ஐந்து நாளில் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்ன டாக்டர், குத்தவைத்து உட்காரவே கூடாது, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று கேட்டார். "ரெடியா இருக்கும்" என்றேன். இண்டூரில் எங்கள் வீட்டில் இருந்தது தரையோடு பதித்த பழைய டாய்லெட். அதுவும் ஒன்றே ஒன்று.

கொத்தனார் மாதையன் வந்து பார்த்தார். "ரெண்டு நாள் பொறுங்க சார். கையில ஒரு வேலை இருக்குது, முடிச்சுட்டு வந்துடறேன்."

"இடிக்கிறதை நான் முடிச்சு வைக்கிறேன். நீங்க வந்து கட்டினா போதும்."

"இடிக்கறதும் ஒரு வேலைதாங்க சார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. (ஒரு மணி நேரம் செல்போனில் வீடியோ பார்த்திருந்தேன் அல்லவா!)

என் பாத்ரூம் சுவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அப்பா கட்டிய வீட்டைத் தம்பி பழனியும் நானும் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பாகம் பிரித்து, நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் எழுப்பினோம். அதே மாதம் எல்லையில் நின்ற தென்னை மரத்துக்காகச் சண்டை வந்து பேச்சு நின்றது. (மரம் என்னுடையது என்று நாலு பேர் முன்னால் கத்தினேன். பிறகு யாருக்கும் தெரியாமல் கயிறு பிடித்து அளந்தால், அவன் பக்கம் ஒன்றரை அடி உள்ளே நின்றது. கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டேன்.) அந்தப் பொதுச் சுவரை ஒட்டித்தான் என் பாத்ரூம். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் என்ன வைத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. இந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது.

மறுநாள் காலை பழைய அரைக்கால் சட்டை, தலையில் துண்டு சகிதம் இறங்கினேன். பீங்கானை உடைத்தேன். டைல்ஸைப் பெயர்த்தேன். சுவரில் ஒரே ஒரு டைல் மட்டும் அசைய மறுத்தது. கடப்பாரையை அதன் இடுக்கில் வைத்து, முப்பத்து நான்கு வருஷ அனுபவத்தையும் சேர்த்து ஓங்கி ஒரு குத்து.

கடப்பாரை முழங்கை வரை உள்ளே போய்விட்டது.

இழுத்தேன். வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெல்ல அசைத்து உருவினேன். நுனியில் விபூதிப் பட்டை. அதன் நடுவில் சந்தனம். அதன் மேல் குங்குமப் பொட்டு.

இயற்பியல் படித்தவன் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்தேன்.

ஓட்டை வழியாகக் கற்பூர வாசனை வந்தது. கூடவே ஒரு கண். தம்பி மனைவி செல்வி! அன்று கிருத்திகை. அவள் பூஜை செய்துகொண்டிருந்தபோது, முருகன் படத்துக்குப் பக்கத்தில் சுவரைப் பிளந்துகொண்டு இரும்பு முனை ஒன்று வந்தால் அவளும்தான் என்ன செய்வாள்?

"முருகா, நீயா வந்திருக்கற?" என்றாள்.

"முருகன் இல்லம்மா. மாமா."

பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. மரியாதையாக எழுந்து நின்று சொல்லலாம் என்று சுவரில் கை ஊன்றினேன். சுவரும் அதற்காகத்தான் காத்திருந்ததுபோல் இடுப்பு உயரத்துக்கு மேல் மொத்தமாகச் சரிந்தது. புழுதி அடங்கியபோது செங்கல் குவியலில் முருகன் சிரித்த முகத்தோடு மல்லாந்து கிடந்தார். அந்தப் பக்கம் பழனி சாப்பாட்டுக் கையோடு நின்றான்.

செல்வி என் பாத்ரூமை ஒருமுறை பார்த்தாள். பெயர்ந்து கிடந்த பீங்கானையும் பார்த்தாள்.

"ஐயோ மாமா! தெனம் காலைல ஆறு மணிக்கு இந்தச் செவுத்துக்குள்ள தண்ணி சலசலங்குமே... ஏதோ ஊத்துன்னு கையெடுத்துக் கும்புட்டுட்டு இருந்தங்களே!"

பழனி சிரிக்கவில்லை. "ஏண்ணா, கதவத் தட்டியிருந்தா தொறந்திருப்பனே."

"தென்னமரம் உன்னுதுதான்டா" என்றேன்.

"அது எனக்கு அப்பவே தெரியும்ணா. எளநி வெட்டட்டுமா?"

நான்காம் நாள் காரில் வந்து இறங்கினாள் சரோஜா. அதற்குள் மாதையன் வந்து பார்த்து, தலையில் கை வைத்து, இருபது நாள் வேலை என்று சொல்லியிருந்தார். வாக்கரை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்ற என் மனைவிக்கு வீட்டில் பாத்ரூமும் இல்லை, பாத்ரூமுக்குச் சுவரும் இல்லை. வலியில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நினைத்தால் எனக்கு இன்றும் தலை குனிகிறது.

"கக்கூசு மாத்தச் சொன்னா வூட்டையே மாத்தியிருக்கீங்க" என்றாள்.

பழனி வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தது. மீதிச் சுவரையும் தட்டித் தரையைச் சமப்படுத்தி, வாக்கர் தட்டாமல் போக அவனே சாக்கு விரித்து வைத்திருந்தான். செல்வி ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள். இருபது நாளும் சரோஜா அந்த ஓட்டை வழியாகத்தான் போய் வந்தாள்.

கடைசியில் மாதையன் சுவரை அடைக்கச் செங்கல் இறக்கியபோது அவள் தடுத்துவிட்டாள். "அடைக்க வேண்டாங்க. ஒரு கதவு வையுங்க." புது பாத்ரூம் வேறு மூலைக்குப் போனது. முருகனும் இடம் மாறினார்.

கடப்பாரை இப்போது செல்வியிடம். கிருத்திகை தவறாமல் அதற்குப் பொட்டு வைக்கிறாள். சாயங்காலம் காபிக்கு நான் அந்தக் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து கேட்பாள்:

"யாருங்க, மாமாவா? முருகனா?"

"மாமாதாம்மா" என்று நான் சொன்ன பிறகுதான் கதவு திறக்கும்.