பேட்டை ஊசியும் எங்கள் தெரு மோரியும்

ஒரு சாக்கடைக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த மனிதரைப் பூலோகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. கோயில் வாசலில் செருப்பைக் கழற்ற மறக்கிறவர்கள் உண்டு. பேட்டை ஊசி மட்டும் எங்கள் தெரு மோரியின் முன்னால் வந்தால் சடக்கென்று நின்றுவிடுவார். அதற்கு மேல் ஒரு அடி வைக்கச் சொன்னால் கையெடுத்துக் கும்பிடுவார்.

ஊசி என்பது அவர் பெயரில்லை, தொழில். பேட்டைப் பக்கத்தில் வீடு வீடாகப் போய் அம்மை குத்துகிறவர். சொந்தப் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் தூரத்தில் நான் நின்றால்தானே? அவரைக் கண்டால் ஓடுவதுதான் அப்போது என் வேலை.

அந்த நாளில் பெங்களூர் ஒன்றல்ல, இரண்டு. மகாராஜாவின் பேட்டை ஒன்று, வெள்ளைக்காரப் பட்டாளத்தின் தண்டு ஒன்று. இதற்கொரு முனிசிபாலிட்டி, அதற்கொரு முனிசிபாலிட்டி. போலீஸ் தனி, குப்பை வண்டி தனி, நாய் பிடிக்கிறவன்கூடத் தனி. எல்லைக்கோடு போட வந்த புண்ணியவான் சம்பங்கி ஏரிப் பக்கமிருந்து ஒழுங்காகத்தான் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறான். எங்கள் தெருவுக்கு வந்ததும் வெயிலில் சலித்துப்போய், "இந்த மோரியே இருக்கட்டும்" என்று வீட்டுக்குப் போய்விட்டான் போலிருக்கிறது. தெரு நடுவில் ஓடிய மோரிக்கு மேற்கே இருந்த வீடுகள் பேட்டை, கிழக்கே இருந்தவை தண்டு. எங்கள் வீடு பேட்டை. நேர் எதிரே சித்தி வீடு தண்டு. அம்மா இங்கே மிளகாய் தாளித்தால் சித்தி அடுத்த ராஜ்யத்தில் தும்முவாள்.

காக்கிக் கோட்டு, கறுப்புக் குடை, தோல் பை, கக்கத்தில் நீள ரிஜிஸ்டர். இந்த உருவம் தெருமுனையில் தலை காட்டியதும் பேட்டைப் பிள்ளைகள் அத்தனையும் மோரியைத் தாண்டித் தண்டில் போய் நிற்கும். ஒன்பது வயசில் எனக்கு வேறு எதிலும் முதலிடம் கிடைத்ததில்லை, இதில் கிடைத்தது. அவர் மோரிக்கரையில் நின்று ரிஜிஸ்டரை விரித்து, வாத்தியார் மாதிரி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்.

"ஏ பொண்ணு, உன்னத்தான். இந்தப் பக்கம் வா கண்ணு. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

"நீங்க இந்தப் பக்கம் வாங்களேன் சார்!"

"அது வேற ராஜ்யம்மா. நான் வரப்படாது."

"நானும் இப்போ வேற ராஜ்யம்தான் சார்!"

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு என் பெயருக்கு நேராக என்னமோ எழுதிக்கொண்டு போனார். எட்டிப் பார்த்தவர்கள் சொன்னார்கள்: 'வெளியூர் சென்றிருக்கிறாள்.'

தண்டுக்காரர்கள் மட்டும் என்ன, தர்மவான்களா? அவர்களுக்கும் ஒரு ஊசி உண்டு. ஜட்கா வண்டியில் வருவார். ஜட்காவின் மணிச்சத்தம் கேட்டதும் சித்தி தன் மகள் ராணியை, அப்போது மூன்று வயசு, மூட்டை மாதிரித் தூக்கி மோரிக்கு மேலாக அம்மா கையில் போடுவாள். இப்படியாக இரண்டு முனிசிபாலிட்டி, இரண்டு ஊசி இருந்தும் எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கும் அம்மை குத்தவில்லை. ஊசி போட்டால் மாரியம்மாளுக்குக் கோபம் வரும் என்று எல்லாத் தாய்மாருக்கும் பயம். அந்தப் பயத்துக்கு மட்டும் எல்லை கிடையாது.

ஒரு நாள் ஆடிக்காற்றில் பேட்டை ஊசியின் குடை பறந்து தண்டில் போய் விழுந்தது. மழை கொட்டுகிறது. அவர் மோரிக்கு இந்தப் பக்கம் நனைந்துகொண்டு நிற்கிறார்.

"அம்மா, அந்தக் குடைய இப்படித் தள்ளி விடுங்கம்மா."

சித்திக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. "ரெண்டு எட்டு வச்சா எடுத்துக்கலாம். கால்ல என்ன, சங்கிலியா போட்டிருக்கு?"

"கையில பை இருக்கேம்மா. பையோட தாண்டப்படாது."

"பைய அங்கயே வச்சிட்டு வாங்களேன்."

"சர்க்கார் பைய நடுத்தெருவுல விட்டுட்டு வர்றதா? நல்லா இருக்கே நியாயம்!"

சித்தி சிரித்து முடித்துக் குடையைத் தள்ளும்போது மழை விட்டுவிட்டது.

அவர் மேல் தப்பில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் உற்சாகமாக மோரியைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போய் இரண்டு தண்டுப் பிள்ளைகளுக்குக் குத்திவிட்டாராம். 'எங்கள் பிள்ளையின் கையை உங்கள் ஆள் எப்படித் தொடலாம்?' என்று அந்த ஆபீஸ் கேட்க, 'தொட்டது தொட்டதுதான், இப்போது என்ன செய்வது?' என்று இந்த ஆபீஸ் எழுத, கடிதம் போய்க் கடிதம் வந்து, குத்தின காயம் ஆறித் தழும்பாகியும் கடிதம் ஆறவில்லை. கடைசியில் அவரைக் கூப்பிட்டு, இன்னொரு தரம் பையோடு எல்லை தாண்டினால் வேலை இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நாலு பெண்களைப் பெற்றவர். மோரியைக் கும்பிடாமல் என்ன செய்வார்?

அந்த வருஷம் பங்குனி வெயிலில், சித்தி வீட்டுக்கு அடுத்த தச்சர் வீட்டில் பையனுக்கு அம்மை பார்த்துவிட்டது. பெரியம்மை. வாசலில் வேப்பிலை ஏறிய மறுநாள் காலையிலேயே தண்டு முனிசிபாலிட்டி வந்து சுண்ணாம்பு தெளித்து, கம்பத்தில் சிவப்புத் துணி கட்டி, மோரி ஓரத்தில் ஒரு பியூனைக் காவல் போட்டது. அந்த வரிசையிலிருந்து பெரியவரோ பிள்ளையோ வெளியே வரக்கூடாது. பியூன் ஒரு பாய், நல்ல மனுஷர். ஆனால் உத்தரவு என்றால் உத்தரவு.

"உங்க ஊசி எப்ப வருவாரு பாய்?" என்று சித்தி கேட்டாள்.

"டிவிசன் டிவிசனா வர்றாரும்மா. ஊரெல்லாம் பீமாரி. உங்க டிவிசன்ல உங்க தெரு ஆக்ரி, கடைசி. எட்டு நாள் ஆவும்."

சித்தி முகம் வெளுத்துவிட்டது. முந்தின நாள் மத்தியானம்வரை ராணி அந்தத் தச்சர் பையன் மடியில் உட்கார்ந்துதான் விளையாடினாள். சித்தி எதிர்ச்சாரியிலிருந்து அம்மாவைப் பார்த்தாள். எத்தனையோ தடவை பிள்ளையை வீசிய மோரிதான். இப்போது வீச முடியாது. நடுவில் பாய் நிற்கிறார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "போய்ப் பேட்டை ஊசியக் கூட்டிட்டு வாடி."

"நானா?"

"இந்தத் தெருவுல அவர ஜாஸ்தி ஓட வச்சவ நீதான். உன் மொகம் அவருக்கு மறக்காது."

அடுத்த தெருவில் ஒரு கடை வாசலில் அவர் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"யாரு, வெளியூர் போன பொண்ணா? எப்ப வந்தே?"

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு போய்விட்டது. "முத்து போட்டு எத்தினி நாளாச்சு?"

"நேத்து சார்."

"அப்ப நேரம் இருக்கு. பக்கத்துல இருந்த புள்ளைங்களுக்கு ரெண்டு மூணு நாளைக்குள்ள குத்திட்டா பெரும்பாலும் தப்பிச்சுக்கும். எட்டு நாள்னா..." என்று நிறுத்தி, பையைத் திறந்தார். "சரி. சட்டைக் கைய மடி."

"எனக்கில்ல சார், ராணிக்கு!"

"ராணிக்கு அப்புறம். நீ மறுபடி வெளியூர் போயிட்டா?"

தாண்டி ஓட ராஜ்யமில்லாத இடத்தில் மாட்டிக்கொண்டேன். கையில் ஒரு சொட்டு அம்மைப் பாலை வைத்து, பல் வைத்த சின்னச் சக்கரத்தை அதன்மேல் அழுத்தித் திருகினார். எறும்பு கடித்த மாதிரி இருக்கும் என்று அவர் சொன்னது பொய். பெங்களூரில் அந்த அளவு எறும்பு கிடையாது.

மோரிக்கு வந்ததும் வழக்கம்போல நின்றார். அந்தப் பக்கம் சித்தி, இடுப்பில் ராணி. இன்னும் ஆறு தாய்மார், ஆறு பிள்ளைகள். அவர் பையைப் பார்த்தார், மோரியைப் பார்த்தார், பாயைப் பார்த்தார்.

"பாய், நான் அந்தப் பக்கம் வரலாமா?"

"அது உங்க ஆபீஸ் சொல்லணும் சாப்."

"அவங்க இந்தப் பக்கம் வரலாமா?"

"அது எங்க ஆபீஸ் சொல்லணும் சாப்."

"கேட்டு எழுதிப் பதில் வர்றதுக்குள்ள..." என்று சித்தி ஆரம்பித்தாள். எதற்கும் குறும்பாகப் பதில் சொல்கிற சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பேட்டை ஊசி குடையை மடக்கி மோரியின் குறுக்கே வைத்து அகலத்தை அளந்தார். குடையின் பாதியில் விரலை வைத்தார்.

"கோடு மோரியோட நட்ட நடுவுல போவுது. இந்த வெரலுக்கு இந்தப் பக்கம் பேட்டை. சரியா பாய்?"

"சரி சாப்."

"அம்மா, கரையில உக்காரு. புள்ள இடுப்பக் கெட்டியாப் புடிச்சிக்க. கைய மட்டும் தோளோட இந்தப் பக்கம் நீட்டு."

பாய் பதறினார். "அரே, ஆளு வெளிய போவக்கூடாது!"

"ஆளு எங்க பாய் வருது? ஆளு உங்களது. அது அங்கயே இருக்கட்டும். கை எங்களது."

பாய் குடையைப் பார்த்தார், ராணியைப் பார்த்தார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும். "ஜல்தி சாப்," என்று சொல்லிவிட்டு, உடம்புகளை மட்டும் காவல் காக்கத் தொடங்கினார்.

பேட்டை ஊசி காக்கிக் கால்சட்டையோடு சாக்கடை ஓரத்தில் மண்டியிட்டார். சித்தி பிள்ளையைச் சாய்த்துக் கையை நீட்டினாள். "மோரில போட்டுடாதம்மா!" என்று ராணி ஊரைக் கூட்டினாள். நாற்றத்துக்கு அவர் ஒரு கையால் மூக்கைப் பிடிக்கப் போய், இரண்டு கையும் வேண்டும் என்று விட்டுவிட்டார். நாலு இடத்தில் திருகினார். மற்ற ஆறு கைகளும் ஒவ்வொன்றாக எல்லை தாண்டி வந்து, அழுது, திரும்பிப் போயின.

அப்புறம்தான் ரிஜிஸ்டர். எந்த வீடு என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. தண்டு வீட்டு நம்பரை அதில் எழுத முடியாது. பொய் நம்பர் எழுத அவருக்குக் கை வராது. வெகுநேரம் பென்சிலைக் கடித்துவிட்டுக் கன்னடத்தில் எழுதினார். எங்களுக்குத் தமிழில் படித்துக் காட்டினார்:

"இடது கை ஒன்று. நமது எல்லைக்குள் காணப்பட்டது. குத்தப்பட்டது."

கீழே அதேபோல இன்னும் ஆறு.

மறுநாள் வந்தார். ஆபீசர் என்ன சொன்னார் என்று அம்மா பயந்து பயந்து கேட்டாள்.

"ஏழு கை திரிஞ்சுதா உன் ஏரியாவுலன்னு கேட்டாரு. ஆமா சார்னேன். ஆளெல்லாம் எங்கேன்னாரு. ஆளுங்கள நான் தொடவே இல்ல சார்னேன். என்னையே பார்த்துட்டிருந்தாரு. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டே கையெழுத்துப் போட்டுட்டாரு."

அதிலிருந்து தினமும் சாயங்காலம் வருவார். மோரிக்கரையில் நின்று குரல் கொடுப்பார்.

"ஜுரம் இருக்கா?"

"இல்ல சார்."

"சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா. உங்க மேலதான் ரொம்பக் கோவமா இருக்கா."

"இருக்கட்டும். கோவப்பட ஒடம்புல தெம்பு வேணும்."

ஐந்தாம் நாள் தச்சர் வீட்டில் அழுகை கேட்டது. அன்றைக்குத் தெருவில் யாரும் அடுப்பு மூட்டவில்லை. ஆறாம் நாள் ராணிக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது.

சித்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மோரிக்கரைக்கு வந்து நின்றாள். பேட்டை ஊசி சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகைத் திருப்பச் சொன்னார். நெற்றி, வாய்க்குள், உள்ளங்கால் எல்லாவற்றையும் இந்தக் கரையிலிருந்தே பார்த்தார். கடைசியில் கையை நீட்டச் சொல்லிக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். குத்தின நாலு இடத்தில் நாலு முத்து. வேறெங்கும் ஒன்றுமில்லை.

"நாலும் புடிச்சிருக்கும்மா," என்றார். "இது மாரியம்மா குடுத்த ஜுரம் இல்ல. நான் குடுத்தது. ரெண்டு நாள்ல திருப்பி எடுத்துக்கறேன்."

அப்படியே இரண்டு நாளில் இறங்கியது. எட்டாம் நாள் தண்டு ஊசி ஜட்காவில் வந்து பார்த்தால் ஏழு பிள்ளைகளுக்கும் முத்து எழும்பியிருக்கிறது. யார் குத்தியது என்று பாயைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியாது சாப். ஒரு ஆளும் உள்ள வரல, ஒரு ஆளும் வெளிய போவல. அல்லா சத்தியமா."

சத்தியத்தில் ஒரு பழுதும் இல்லை.

சிவப்புத் துணியை அவிழ்த்து, பாய் போய், தெருவில் பழையபடி எல்லோரும் எல்லாப் பக்கமும் போக ஆரம்பித்து ஒரு மாதமாகியும் பேட்டை ஊசி சாயங்காலத்தில் எங்கள் தெருவுக்கு வருவதை நிறுத்தவில்லை. பை இருக்காது, ரிஜிஸ்டர் இருக்காது. ராணி வாசலில் ஓடிப் பிடித்து விளையாடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போவார். எனக்குக் கை ஆறியதும் வாய் திரும்பிவிட்டது. "வேலைதான் முடிஞ்சுதே, இன்னும் ஏன் சார் தெனமும் வர்றீங்க?" என்று கேட்டேன்.

"நான் எங்கம்மா வர்றேன்? வீட்டுக்குப் போற வழி இது," என்றார்.

அவர் வீடு சாமராஜப்பேட்டையில். எங்கள் தெரு வழியாக அங்கே போக வேண்டுமென்றால் ஆபீசிலிருந்து நேர் எதிர்த்திசையில் நடந்து, ஊரைச் சுற்றிக்கொண்டுதான் திரும்ப வேண்டும். அது எங்கள் தெருவில் இரண்டு ராஜ்யத்துக்கும் தெரியும். அவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.