ஆலாத்திக்குத் திரும்பிய விமானம்

கரம்பொன்,
கார்த்திகை, 1966.

பெருமதிப்புக்குரிய சம்பந்தியார் கனகசபை அவர்களுக்கு,

அம்பாள் கிருபையால் இங்கே நாங்கள் எல்லோரும் சேதமின்றி இருக்கிறோம். வெள்ளவத்தையில் தாங்களும் அவ்வாறே இருப்பீர்கள் என நம்புகிறேன்.

மாப்பிள்ளையை வரவேற்பது பற்றி எமது குடும்பம் கூடி ஆராய்ந்ததில், அவர்முன் சுற்றும் ஆலாத்தித் தட்டின் திரிகளைப் பெருவிரல் தடிப்பில் திரிப்பதென்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கார்த்திகை மழைக்குச் சிறுதிரி நின்று எரியாது என்று என் மனைவி அன்னபூரணம் பிரேரிக்க, அவளுடைய தமக்கை இராசேஸ்வரி ஆமோதித்தார். சகுனம் பிழை, கலியாணத்தை யோசிக்க வேண்டும் என்று தாங்கள் தந்தி அடித்திருப்பதால், அத்தீர்மானத்தின் பின்விளைவுகளை ஒழுங்காகச் சொல்வது என் கடமையாகிறது.

இராகுகாலத்துக்கு முன் மாப்பிள்ளை கரம்பொன் வந்து சேர வழியில்லை என்று சாத்திரியார் கூறியதால், வீட்டு வாசலில் எடுக்கவேண்டிய ஆலாத்தியை விமானத் திடலிலேயே எடுக்கப் போனோம். திடலின் வாசற்காவலர் இறுப்பிட்டிக்காரர், அன்னபூரணத்துக்குத் தாய்வழியில் தம்பி முறை; மறிக்க அவருக்கு மனம் வரவில்லை. மகள் நாகபூஷணி முறைப்படி காருக்குள்ளேயே இருந்தாள். தங்கள் மகன் இரத்தினசபாபதி கொழும்பு விமானத்தால் இறங்கி வந்து எங்கள்முன் நிற்க, பெண்கள் இருவரும் தட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுற்றத் தொடங்கினார்கள். அதேநேரம் மாப்பிள்ளைக்குப் பின்னால் பட்டாளத்து விமானமொன்று, தரித்து நிற்க இடம் தேடி மெதுவாக உருண்டு வந்துகொண்டிருந்தது. மழை இருட்டில் விளக்குக் காட்டி வழிவிடும் ஆளைத் தேடிய விமானி, எங்கள் திரிகளைக் கண்டார். தட்டு சுற்றிய பக்கம் விமானமும் திரும்பியது.

"அக்கா, பிளேன் வருகுது" என்றாள் அன்னபூரணம்.

"வரட்டும். ரெண்டாம் சுத்திலை நிப்பாட்டக்கூடாது."

மூன்றாம் சுற்றில் தங்கள் மகன் திரும்பிப் பார்த்தார். அதன்பின் அவர் எடுத்த முடிவு விரைவானது. நெஞ்சளவு முட்கம்பி வேலியைக் கோட்டுப் போட்டபடியே பாய்ந்து கடந்த வேறொருவரை நான் கண்டதில்லை. நாகபூஷணி காரிலிருந்து பாய்ந்து வந்து தாயையும் பெரியம்மாவையும் சேலையில் பிடித்து இழுத்தாள். விமானத்தின் சில்லு வாய்க்காலில் இறங்கியது. அதன் ஒரு பக்கச் செட்டை தண்ணீர்த் தாங்கியில் மோதி முறிந்தது. விமானி நெற்றியைத் தடவிக்கொண்டு இறங்கினார். தட்டில் திரி அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

விசாரிக்க வந்த தமிழ் அதிகாரி மரியாதையானவர். "அம்மா, ஏன் விளக்குக் காட்டினனீங்கள்?" என்று இராசேஸ்வரியிடம் கேட்டார்.

"நான் மாப்பிள்ளைக்கு ஆலாத்தி எடுத்தனான், தம்பி. உங்கடை பிளேனை ஆர் கூப்பிட்டது?"

"மூண்டு தரம் ஏன் சுத்தினனீங்கள்?"

"ரெண்டு தரம் எடுத்துப்போட்டு ஆரும் விடுவினமோ?"

அவர் அதை எழுதிக்கொண்டு போய்விட்டார். ஆகவே சம்பந்தி, நீங்களே யோசிச்சுப் பாருங்கோ. திரி அணையேல்லை, தட்டு விழேல்லை, மூண்டு சுத்தும் முடிஞ்சுது. முறிஞ்சது பட்டாளத்தின்ரை செட்டை. அதுக்கும் எங்கடை பிள்ளையளின்ரை சாதகத்துக்கும் என்ன தொடுசல்? பேசியபடி தை மாதத்தில் கலியாணத்தை வைத்துக்கொள்வோம் என்று தயவாய் ஒரு வரி எழுதவும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் அன்பு. தங்கள் வீட்டில் எல்லா விளக்கும் நின்று எரியட்டும்.

இங்ஙனம்,
வை. பரமலிங்கம்

பி.கு.: உறையை ஒட்டுமுன் நாகபூஷணிக்கு வாசித்துக் காட்டினேன். "விளக்கம் நல்லாயிருக்கு, அப்பா. அந்தத் தை மாசத்து வரியை மட்டும் வெட்டிவிடுங்கோ. அம்மாவை விட்டிட்டு வேலி பாய்ஞ்ச மனிசரோடை என்னாலை இருக்க ஏலாது" என்கிறாள். வெட்டினால் கடிதம் அழகு கெடும் என்பதால் விட்டிருக்கிறேன்; வெட்டியதாகக் கொள்ளவும். வேலியடியில் கிடந்த தங்கள் மகனின் இடது சப்பாத்து தனிப் பார்சலில் வருகிறது.