பன்னீருக்குப் பயந்த தாய்மாமன்

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். (சில இடம் எனக்கே புரியவில்லை.)

அந்தச் சித்திரையில் டயாலிசிஸுக்காக என் கழுத்தில் குழாய் போட்டார்கள். குழாய் உள்ளே போகிற இடத்தை மூடி, கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்திரி. அதன் நடுவில் ஜெல்லி வில்லை. கிருமியைக் கொல்லும் மருந்து அதில்தான் இருக்கிறதாம்.

"ஈரம் படக்கூடாதுண்ணே. ஓரம் பிரிஞ்சா உடனே வந்துருங்க. கிருமி நேரா ரத்தத்துக்குப் போயிரும்" என்றார் நர்சம்மா.

மறுநாளே சின்னாளபட்டியில் அக்கா மகள் கல்யாணம். நான்தான் தாய்மாமன். நாலு பேர் பார்த்தாலே எனக்குக் கூச்சம்; குழாய் போட்டதை அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. கழுத்தில் பாலிதீன் பையைச் சுற்றி, அதன்மேல் கம்பளி மப்ளரைக் கட்டினேன். (திண்டுக்கல் வெயிலில்.) கல்யாண வீட்டில் திருடன் என்று கட்டி வைக்கப் போகிறார்கள் என்றாள் என் மனைவி.

மண்டப வாசலில் பன்னீர் சொம்பைக் கண்டதும் தூணுக்குப் பின்னால் பாய்ந்தேன். சந்தனக் கிண்ணம் நீண்டது, கையை உதறினேன். மச்சான் ஈரம் சொட்டும் மாலையோடு வந்தார், பின்வாங்கினேன்.

தாய்மாமன் பன்னீர், சந்தனம், மாலை மூன்றையும் மறுத்தால் எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான்: மரியாதையில் குறை, கோபித்துக்கொண்டார். நான் மாலை வாங்காமல் பெண் மேடையேற முடியாது. மேளம் நின்றது. முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. பெரியவர்கள் சமாதானம் பேசக் கிளம்பினார்கள். பத்திரிகையில் என் பெயரைப் பொடி எழுத்தில் போட்டதுதான் காரணம் என்று ஒருவர் கண்டுபிடித்தார். (அது அதுவரை எனக்கே தெரியாது.)

அக்கா அழுதுகொண்டே வந்தாள். "ஏலே, உனக்கு என்ன குறை வச்சேன்? எம்புள்ள கழுத்துல தாலி ஏறுற நேரத்துலயா இப்படிப் பண்ணுவ?"

மப்ளரை அவிழ்த்தேன். பாலிதீனுக்குள் தேங்கியிருந்த வேர்வை சட்டையில் வழிந்தது. ஒரு சொட்டுப் பன்னீர் படாமல் நான் காத்த பிளாஸ்திரி, என் வேர்வையிலேயே ஊறி ஓரம் பிரிந்து நின்றது.

அக்காவின் அழுகை நின்றது. "இதுக்கா இம்புட்டும்? சொல்லித் தொலைஞ்சா என்ன?"

மாலையைக் கையில் வாங்கினேன். (அதுவும் செல்லுமாம்.) தாலி ஏறியதும், மணமக்களுக்கென்று ஜோடித்து வைத்திருந்த காரில் என்னை ஏற்றி ஆஸ்பத்திரிக்கு விட்டார்கள். பூ மணக்க இறங்கிய என்னைத் தாண்டி நர்சம்மா காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"பொண்ணு எங்கண்ணே?"

பாலிதீனைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. புது பிளாஸ்திரி ஒட்டி முடிக்கும்வரை திட்டினார். நல்லவேளை, காய்ச்சல் வரவில்லை.

குழாயை எடுத்து வெகுகாலம் ஆகிறது. இப்போது டயாலிசிஸுக்கு ஊசி குத்துவதெல்லாம் கையில்தான். ஆனாலும் எந்த மண்டபத்துக்குப் போனாலும், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பன்னீர் சொம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கேட்கிறார்கள்:

"மாமா, கோவமா, பிளாஸ்திரியா?"

எழுதி முடித்தது: ஆடிப்பெருக்கு அன்று.