இது உப்பு, சர்க்கரை அல்ல

அன்பும் மரியாதையும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் அக்கா வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சுகம், அங்கே உங்கள் சுகமறிய ஆவல் என்று முறைப்படி தொடங்கத்தான் பேனாவைத் திறந்தேன். முதல் பாதி பொய்யாகிவிடும் என்பதால் இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். என் மகள், அதாவது உங்கள் அருமை மருமகள், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறாள். வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்குக் கடைசி வருஷக் கண்காட்சி. அதில் தேறாவிட்டால் வருஷம் முழுவதையும் மறுபடி படிக்க வேண்டும். தேற விடாமல் செய்தவன் நான்தான் போலிருக்கிறது. எப்படிச் செய்தேன் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

கிராஃபிக் டிசைன் படிக்கட்டும் என்று அன்று அவளுக்காகப் பரிந்து பேசியவர் நீங்கள். குறையாகச் சொல்லவில்லை, ஞாபகப்படுத்துகிறேன். படத்துக்குச் சட்டம் போடும் கடை வைத்திருப்பவருக்கு, படம் எங்கேயிருந்து வருகிறது என்பதும் தெரிந்திருக்கும் என்று நம்பிவிட்டேன். நானோ ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள் பிரிவில் காலம் தள்ளியவன். எது வந்தாலும் ஒரு சீட்டைக் கட்டு, எங்கே கிடைத்தது என்று எழுது, உரியவர் வந்தால் கொடு, வராவிட்டால் அப்புறப்படுத்து. எனக்குத் தெரிந்த கலை அவ்வளவுதான். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. எங்கள் வீட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ‘விளக்கை அணைக்கவும்.’ ‘குழாயை இறுக்கி மூடவும், இறுக்கி என்றால் இறுக்கி.’ ‘குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டாம்.’ சமையலறையில் ‘இது உப்பு, சர்க்கரை அல்ல.’ எல்லாம் அடியேன் கைவண்ணம். மதித்து நடப்பவர் யாரும் இல்லை, அது வேறு விஷயம்.

இப்போது அவள் பக்கம் வருகிறேன். இந்தப் படிப்புக்கு இன்ஸ்பிரேஷன் என்று ஒன்று வேண்டுமாம். அது எந்தக் கடையில் கிடைக்கும், போய் வாங்கிவருகிறேன் என்று வெள்ளந்தியாகக் கேட்டேன். “அது எங்க வேணா கிடைக்கும்ப்பா, கண்ணைத் திறந்து வெச்சிருந்தாப் போதும்” என்றாள். அன்றிலிருந்து நானும் கண்ணை அகல விரித்துக்கொண்டுதான் திரிகிறேன், ஒரு மண்ணும் தென்படவில்லை. அவளுக்கோ தொட்டதெல்லாம் இன்ஸ்பிரேஷன். மேசைவிரிப்பில் காபிக் கோப்பை பதித்த வட்டக் கறையைத் துவைக்கக் கூடாது என்று அவள் அம்மாவிடம் சண்டை. நடுத்தெருவில் முடிதிருத்தும் கடையின் துருப்பிடித்த ஷட்டரைப் பார்த்துக்கொண்டு அவள் நிற்க, கடைக்காரர் ஏதோ அதிகாரி சோதனைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து வெளியே ஓடிவந்து கும்பிட, பக்கத்தில் காய்கறிப் பையோடு நின்ற நான் வெட்கத்தில் தபால் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றேன். போதாக்குறைக்குக் கட்டிலுக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே பழத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்கள், கிழிந்த டிக்கெட்டுகள், மிட்டாய்த் தாள்கள், காலி மாத்திரை அட்டைகள், நசுங்கிய மூடி ஒன்று.

நான் சட்டப்படி நடப்பவன், மச்சான். கேட்காமல் எடுக்கவில்லை. கூடத்துச் சுவரில் தெளிவாக எழுதி ஒட்டினேன்: ‘கட்டிலின் அடியில் அட்டைப்பெட்டி ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. உரியவர் ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிவிக்கவும். தவறினால் அப்புறப்படுத்தப்படும்.’ அவள் பல் துலக்கிக்கொண்டே வந்தாள். நின்றாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். முக்காலியைப் போட்டு ஏறி, கைபேசியில் கிட்டத்தில் ஒரு படம், தள்ளி நின்று ஒரு படம். ஓர் எழுத்தின் வாலை விரலால் தடவி வேறு பார்த்தாள். என் பணிக்காலம் முழுவதிலும் ஓர் அறிவிப்பை இத்தனை கவனமாகப் படித்த மனிதரை நான் கண்டதில்லை. உள்ளம் குளிர்ந்துபோனேன். ஞாயிறும் போயிற்று, அவள் மூச்சுக்கூட விடவில்லை. திங்களன்று பெட்டியைக் குப்பை வண்டியில் சேர்த்தேன்.

அன்றைக்கென்று பார்த்துத் தொலைபேசி அடித்தது. சார்ஜில் கிடந்த அவள் போனை நான் எடுக்க, மறுமுனையில் அவளுடைய ஆசிரியை. “உங்க பொண்ணு எதைப் பார்த்து இந்த வேலையைச் செஞ்சாளோ, அதோட அசலைக் கண்காட்சியில கொண்டுவந்து வைக்கணும் சார். அசல் இல்லாட்டி மார்க் போட மாட்டோம், அவகிட்ட ஞாபகப்படுத்துங்க” என்றார். அசல்தான் குப்பை வண்டியில் போய்க்கொண்டிருக்கிறதே!

பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். குனிந்து குனிந்து பொறுக்கினேன் மச்சான், நான், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. ஆனால் எந்தக் குப்பை கலை, எந்தக் குப்பை வெறும் குப்பை என்று பிரிக்கத் தெரியவில்லை. தெரு கூட்டும் அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எதைத் தொலைத்தீர்கள் என்று பரிவாகக் கேட்டார். ஆயுள் பூராவும் நான் பிறரைக் கேட்ட கேள்வி அது. அதற்குப் பதில் சொல்வது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. மூடி கிடைத்தது, நசுங்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவிடுக்கில் வைத்து நசுக்கினேன். உங்கள் அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே துணி மடித்தாள். ஒரு தடவை சிரித்த மாதிரி இருந்தது.

பொறுக்கியதில் வேறோர் அட்டைப்பெட்டி நிரம்பியும் மனசு ஆறவில்லை. வேறென்ன செய்யலாம் என்று யோசித்தபோதுதான் முந்தின வாரம் அவள் தோழியிடம் போனில் பேசியது நினைவுக்கு வந்தது. “எங்க வீட்ல எந்தப் பக்கம் திரும்பினாலும் எங்கப்பா எழுத்துதான்டி. கண்ணை மூடினாக்கூட அதுதான் தெரியுது” என்றாள். பாவம், பிள்ளைக்கு எத்தனை தொந்தரவு கொடுத்திருக்கிறேன்! கலை வளர வேண்டிய வீட்டில் அதட்டலாக எழுதி ஒட்டிவைத்தால் எப்படி வளரும்? ஒன்று விடாமல் எல்லாவற்றையும் உரித்து, ஒரு பையில் திணித்து, தூக்கிப் போடும்படி உங்கள் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். சுவர்கள் பளிச்சென்று ஆகிவிட்டன. சாயங்காலத் தேநீர் மட்டும் உப்புக் கரித்தது.

மகள் வந்தாள். வெறும் சுவர்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது. சந்தோஷம் தாங்கவில்லை போலும் என்று நினைத்து, புதுக் குப்பைப் பெட்டியையும் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஓவென்று அழுதுகொண்டு உள்ளே போனவள்தான். நான் செய்த ஒரு தப்புக்கு இரண்டு நல்ல காரியம் செய்து ஈடு கட்டியிருக்கிறேன். அதற்கு ஏன் அழ வேண்டும்? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என்னால் ஒரு வருஷம் வீணானால் அவள் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? பயமாக இருக்கிறது மச்சான், வெளியே சொல்லிக்கொள்ள முடியவில்லை.

ஆகையால் கடையை மூடிவிட்டு உடனே புறப்பட்டு வாருங்கள். அவளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள். முடிந்தால் எனக்கும் சொல்லுங்கள். நசுங்கிய மூடி பழசாகத் தெரிய எதில் ஊறவைக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொண்டு வாருங்கள். வீட்டில் அனைவருக்கும் என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படிக்க என் ஆசி, எந்தப் படிப்பு என்பதை மட்டும் நிதானமாக யோசித்து முடிவு செய்யவும்.

இப்படிக்கு,
ஒன்றும் புரியாத,
உங்கள் அக்கா வீட்டுக்காரன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை நம்ப வேண்டாம். உங்கள் கையில் இருப்பது கடிதமும் அல்ல, கடிதத்தின் நகல். அசலை உங்கள் மருமகள் எடுத்துக்கொண்டாள்.

நான் உறை தேடப் போன நேரத்தில் தண்ணீர் குடிக்க வந்தவள், மேசையில் இதைப் பார்த்திருக்கிறாள். திரும்பி வந்தபோது தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் இன்னும் ஈரம். விஷயம் இதுதான்: அவள் இந்த வருஷம் பூராவும் என் கையெழுத்தை வைத்துக் கணினிக்கு ஓர் எழுத்துரு செய்துகொண்டிருந்தாளாம். சுவரில் இருந்த அறிவிப்புகள்தான் ஆசிரியை கேட்ட அசல். பெட்டியா? அது உண்மையிலேயே குப்பையாம், எப்போதோ தூக்கிப் போட்டிருக்க வேண்டியதாம். அந்த அறிவிப்பை அத்தனை நேரம் பார்த்தாயே, படிக்கவே இல்லையா என்று கேட்டேன். அழுதபடியே சிரித்தாள்.

“சுவத்துல இருக்கிறதுல உங்க கை அதட்டுதுப்பா. இதுல பயந்திருக்கு. பாருங்க, வரி எல்லாம் கீழ இறங்குது. எனக்கு இந்த எழுத்தும் வேணும்” என்றாள். பேனா மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன்.

உரித்த அறிவிப்புகள் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் அக்கா பையைத் தூக்கிப் போடாமல் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தாள். அவளுக்கு எல்லாம் முன்னமே தெரியுமாம். ஏன் சொல்லவில்லை என்றால், என்னை யார் கேட்டார்கள் என்கிறாள். ஆக, அறிவுரை எதுவும் வேண்டாம், மூடியை ஊறவைக்கவும் வேண்டாம். சட்டங்கள் மட்டும் கொண்டுவாருங்கள், ‘இது உப்பு’ என்பதற்குக் கொஞ்சம் நல்ல சட்டமாக.

வாசலில் ‘குடையை உதறிவிட்டு உள்ளே வரவும்’ என்று புதிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். இப்போது எழுத உட்கார்ந்தால் கை கூச்சப்படுகிறது. நீங்கள் உதறாமலே வரலாம். ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு வாருங்கள், போதும்.