கட்டுன கையி வரட்டும்

திண்டுக்கல்லில் கட்டடம் கட்டத் தெரிந்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். ஒழுங்காக இடிக்கத் தெரிந்தவர் நாகல் நகர் கடப்பாரை ராவுத்தர் ஒருவர்தான்.

ஓங்கிய கடப்பாரை இறங்குவதற்கு முன் அவருக்கு ஆயிரம் வேலை. உள்ளே போய் அடுப்பை அணைப்பார், பல்லியை விரட்டுவார், பிறகு தெருவில் நின்று கூவுவார்: "இந்தச் செவத்துல யாராச்சும் எதையாச்சும் கட்டியிருந்தா வந்து அவுத்துக்கங்கப்பு!" கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும் என்பது அவர் சட்டம். இடிக்க வேண்டிய சுவரில் எருமையைக் கட்டிவிட்டுப் போன ஒருவர் சாணார்பட்டியிலிருந்து திரும்பும்வரை அந்த எருமைக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷர். எருமைக்குப் பரம சந்தோஷம்.

விடிந்தால் என் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கூடுதலாக ஒரு லாரி ஆட்களோடு வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். பந்தலுக்கு இடம் போதாது, கொல்லைச் சுவரை இடித்தாக வேண்டும். அந்தச் சுவர் ஆணியில் பக்கத்து வீட்டு எஸ்தர் அக்காவின் துணிக்கொடி! அவள் ஆடு எங்கள் அவரைப் பந்தலை மேய்ந்த நாளிலிருந்து அம்மாவும் அவளும் பேச்சில்லை. ராவுத்தர் வந்து கூவினார். அவள் வரவில்லை.

அப்பா பொறுமையிழந்து தானே கொடியை அவிழ்த்தார். ராவுத்தர் அதை வாங்கி மறுபடி கட்டினார், முன்பைவிட இறுக்கமாக.

"யோவ் மச்சான், விடிஞ்சா முகூர்த்தம்யா!" என்றார் அப்பா.

"நா என்ன செய்ய மாப்ள? கட்டுன கையி வரட்டும்."

"அவ வரமாட்டா!"

"அப்பச் செவரும் விழுகாது."

பந்தல்காரர்கள் மூங்கிலோடு நின்றார்கள். அக்கா அழ ஆரம்பித்தாள். அம்மா கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு எஸ்தர் அக்கா வாசலில் போய் நின்றாள்.

"எஸ்தரு, வந்து ஒங் கொடிய அவுத்துக்க."

"கல்யாணத்துக்குக் கூப்புட வாயி வரல, இதுக்கு மட்டும் வருதாக்கும்?"

"கூப்புடத்தான் வந்தேன். வெஞ்சனத்துக்குக் காய் நறுக்க ஆளில்ல. வாரியா, இல்லையா?"

எஸ்தர் அக்கா அரிவாள்மணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே வந்து கொடியை அவிழ்த்தாள். ராவுத்தர் "பிஸ்மில்லா" என்றார். செத்த நேரத்தில் சுவர் தரையில் கிடந்தது.

மறுநாள் முதல் பந்தியில் ராவுத்தரை உட்காரவைத்தது அம்மா. போதும் போதும் என்றாலும் கேளாமல் பாயசம் ஊற்றியது எஸ்தர் அக்கா. அவர் சாப்பிட்டு எழும்வரை பக்கத்தில் நின்று நான் விசிறினேன். கை வலிக்கவே இல்லை.