கொக்கிளாய்ப் பெரியப்பா

துடக்கர் அளவுக்கு ஆட்களைச் சாகடித்த மனிதர் வன்னியிலேயே கிடையாது. அவர் சாகடித்தவர்களில் ஒருவரும் பிறந்திருக்கவில்லை என்பதால் பொலிஸ் வரவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, கிளிநொச்சியில் ஓர் அரிசி ஆலையில் வேலை செய்துகொண்டிருந்த காலம் அது. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைக்கும் என்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள், கிடைக்கும்வரை கடைகளுக்குப் பின்னால் இருந்த அறைகளில் வாடகைக்கு இருந்தார்கள். வாடகை பிந்தினால் சொந்தக்காரர் சாமான்களை உள்ளே வைத்தே கதவுக்கு ஆமைப்பூட்டுப் போட்டுவிடுவார். அப்படிப்பட்டவர்களுக்கு உதவ ஒரு சபை இருந்தது. ஊரில் உலை வைக்கும் பெண்கள் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று தனி மண்முட்டியில் போட்டுவைப்பார்கள். ஞாயிறுதோறும் நான் சைக்கிளில் போய் அதைச் சாக்கில் கொட்டிவந்து ஆலையில் விற்றுக் கொடுப்பேன். ஆட்களோடு கதைக்கக் கூச்சப்படுகிறவனுக்கு ஏற்ற தொண்டு. முட்டி நம்மை ஒன்றும் கேட்பதில்லை.

சபைக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் பலர். வேலைக்கு வருகிறவர்கள் நானும் துடக்கரும். அவர் எந்நேரமும் செத்தவீட்டுக்குப் புறப்பட்டவர் போல இருப்பார். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, முகத்தில் ஒரு துக்கம். பகிடி விடும்போதும் அந்தத் துக்கம் கலையாது.

அறுவடைக்கு முந்திய மாதங்களில் பெண்களின் பிடி சிறுத்துவிடும். வாடகை சிறுக்காது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் துடக்கர் தன் வித்தையைக் கண்டுபிடித்தார்.

அறை வரிசையின் சொந்தக்காரரை எல்லோரும் முதலாளி என்போம். அவர் பிள்ளையார் கோயில் தனாதிகாரியும்கூட. கோயில் காசும் வாடகைக் காசும் ஒரே இரும்புப் பெட்டியில் இருக்கும். சாவு நடந்த குடும்பத்துக்கு முப்பத்தொரு நாள் தீட்டு, எங்கள் பேச்சில் துடக்கு, அல்லவா? துடக்கு வீட்டுக் காசு அந்தப் பெட்டிக்குள் போகலாமா?

"முதலாளி, இந்த மாசம் மூண்டாவது அறைப் பக்கம் வராதேங்கோ. துடக்கு" என்றார் துடக்கர் ஒருமுறை.

"ஆர் செத்தது?"

"பெரியப்பா."

"எங்க?"

"கொக்கிளாயில."

ஏன் கொக்கிளாய் என்று நான் ஒருநாள் கேட்டேன். "மழைக்குப் பாதை மூடிப்போகும், தம்பி. ஒருத்தரும் போய்ப் பாக்கேலாது" என்றார். தாய்வழி உறவால் அவருக்குப் பிரயோசனமில்லை. அவர்கள் செத்தால் துடக்குக் கெதியாகக் கழிந்துவிடும். அதனால் எப்போதும் பெரியப்பாதான். குழந்தைகளையும் இளசுகளையும் மட்டும் தொடவே மாட்டார். "பழுத்ததைத்தான் பிடுங்குவன்" என்பார்.

ஒரு மாரிக்குத் தையல்கார அக்காவின் முறை வந்தது. புருசன் அக்கராயனில் வயல் கூலிக்கு நின்றான். நெல்லை அறுத்துச் சூடு அடித்து முடிந்தால்தான் கூலி. அதற்குள் பூட்டு விழுந்தால் தையல் மெசினும் உள்ளே போய்விடும். பிறகு அவள் பிள்ளையோடு தமையன் வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். சொல்லாமல் கலியாணம் செய்ததற்காகப் படலையைச் சாத்தியவன் அந்தத் தமையன்.

துடக்கர் வழக்கம்போலப் புருசனின் பெரியப்பாவைச் சாகடித்தார். முதலாளி இம்முறை தலையை ஆட்டிவிட்டு, "பாவம். அப்ப எட்டுச் செலவுக்கு வாறன்" என்றார்.

எட்டாம் நாள் செத்தவருக்கு விருப்பமானதெல்லாம் சமைத்துப் படைத்துச் சனத்துக்குச் சாப்பாடு போட வேண்டும். பிறக்காத மனிதருக்கு எதைப் படைப்பது? சமைக்க அரிசிக்கு எங்கே போவது? சபையின் சாக்கைத்தான் அவிழ்த்தோம். அவளுடைய வாடகைக்கென்று சேர்ந்திருந்த கொஞ்ச அரிசியும் உலைக்குள் போனது.

முதலாளி வந்து, படையலை ஒரு சுற்றுப் பார்த்தார். "என்ன காணும், சுருட்டு வைச்சிருக்கிறியள். மனிசன் சுருட்டுக் குடிக்கிறவரோ?"

"நெருப்பு அணையாது, முதலாளி" என்றார் துடக்கர்.

"புகை மணமே ஆகாது அவருக்கு" என்றாள் அக்கா அதே நேரத்தில்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீர் சொல்லும்."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "கடைசிக் காலத்தில விட்டிட்டார்" என்றேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு கெட்டித்தனமாகக் கதைத்தது அன்று ஒரு தரந்தான்.

முதலாளி இரண்டு தரம் சோறு போடுவித்துச் சாப்பிட்டார். கை கழுவும்போது துடக்கரைக் கிட்டக் கூப்பிட்டார். "போன வருசம் மூண்டாவது அறைக்காரருக்குச் செத்ததும் இந்தப் பெரியப்பாதானே?"

துடக்கர் சால்வையைச் சரிசெய்தார்.

"பொய்யெண்டுதான் நினைக்கிறன். ஆனா ஒருவேளை உண்மையாயிருந்தால்? ஆள் தலை முழுகலாம். பெட்டியை முழுக வாக்கேலாது. சூடு அடிச்சு முடியட்டும்."

அவர் போன பிறகு நான் வெறுஞ்சாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "வாடகை அரிசி முழுக்கப் போச்சுதே, அண்ணை."

"எங்க போச்சு? அவருக்குக் குடுக்க வேண்டியது, அவருக்குள்ளதானே போயிருக்கு" என்றார் துடக்கர்.

சூடு அடித்து முடிந்து, புருசன் கூலியோடு வந்து வாடகையைக் கட்டினான். முதலாளி நோட்டுகளில் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் காயவைத்துத்தான் பெட்டிக்குள் வைத்தார்.

சில வருடங்களுக்குப் பிறகு துடக்கரே செத்துப்போனார். அதே வரிசையின் கடைசி அறையில், வாடகை பிந்திய நிலையில். அவருக்கு உறவென்று ஒருவரும் இல்லை, கொக்கிளாயில்கூட. தையல்கார அக்காவின் புருசன் கொள்ளி வைத்தான். துடக்குக் காப்பதற்குத்தான் ஆளில்லை என்று ஊர் கதைத்தது. ஆனால் அந்த மாதம் முதலாளி வாடகை கேட்டு வரிசைப் பக்கம் வரவில்லை. துடக்குக் கழிந்த மறுநாள் விடியவே வந்து, இரண்டு மாதத்தையும் சேர்த்துக் கேட்டார்.

நானும் அந்த மாதம் கோயிலுக்குப் போகவில்லை. ஐயர் என்னைச் சந்தையில் கண்டு மறித்தார்.

"என்ன தம்பி, கோயில் பக்கம் காணேல்லை?"

"துடக்கு, ஐயா."

"ஆர் செத்தது?"

"பெரியப்பா" என்றேன். நாக்கு ஒட்டவில்லை.