கவனக்குறைவு சார்

தகடு வெட்டும் பவர் பிரஸ் தடதடக்கிற ஷெட்டில் நின்றுகொண்டு கிரேக்க நாடகம் படித்த முட்டாள், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். வருஷம் 1991. படப்பையிலிருந்து ஒரகடம் போகும் வழியில், வயல்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு கம்பெனி. அதில் நான் ஷிஃப்ட் சூப்பர்வைசர். தபாலில் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் சேர்ந்திருந்தேன். மேற்கத்திய இலக்கியத்தின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறதாம். அதனால் இங்கிலாந்துக்குள்ளேயே விடாமல் ஏதென்ஸில் நிறுத்தி வைத்திருந்தார்கள், படப்பை பஸ்ஸைத் தாம்பரத்திலேயே நிறுத்தி வைப்பதுபோல.

இதையெல்லாம் பேச எனக்குக் கிடைத்த ஒரே ஆள் கவனக்குறைவு சார். உலகத்திலேயே சுருக்கமாக எழுதியவர் அவர்தான். விபத்துப் பதிவேடு அவர் பொறுப்பு. 'காரணம்' என்ற கட்டத்தில், சேர்ந்த நாளிலிருந்து ஒரே வரி: தொழிலாளியின் கவனக்குறைவு. கேன்டீன் சாம்பாரில் பல்லி விழுந்தபோது 'பல்லியின் கவனக்குறைவு' என்று எழுதினாராம். நான் பார்க்கவில்லை; ஆனால் நம்புகிறேன்.

மதியம் டிபன் டப்பாவைத் திறந்ததும், "எம்.ஏ., இன்னிக்கு எவன் செத்தான்?" என்பார்.

சொல்வேன். உயரத்தில் இருக்கும் நல்லவன் ஒருவன் ஒரு பிழை செய்கிறான், விழுகிறான். மோர் மிளகாயைக் கடித்தபடி கேட்பார். யாருக்கும் ஒன்றுகூடத் தரமாட்டார்.

"இன்னாத்துக்கு இத்தினி பக்கம்? கவனக்குறைவுன்னு ஒரே வரில முடிச்சிருக்கலாமே."

எனக்கு ரோஷம் வந்துவிடும். "அவன் மட்டும் காரணமில்ல சார். தெய்வம் இருக்கு, முன்னோர் செஞ்ச பாவம் இருக்கு, தப்பா யோசனை சொன்னவன் இருக்கான். ஒருத்தன் விழறான்னா பின்னால ஒரு கும்பலே நிக்கும்."

"அத்தினி பேரையும் எழுத கட்டத்துல எடம் கீதா?" என்றபடி கை கழுவப் போய்விடுவார்.

ஒரு மாதக் கடைசி. லாரி வாசலில் நிற்கிறது, சரக்கு தயாராகவில்லை. மூன்றாவது பிரஸ்ஸில் சேரப்பணஞ்சேரி எட்டியப்பன். வேலை நிரந்தரமாக அவனுக்கு இன்னும் பதினைந்தே நாள். கை உள்ளே போகாமல் தடுக்க அந்த மெஷினில் ஒரு கம்பி வலை உண்டு. "அதைக் கழட்டிட்டு ஓட்டுப்பா, சீக்கிரம் முடியும்," என்றேன். கழற்றினான். அரை மணியில் அவன் ஆள்காட்டி விரல் நுனி போயிற்று. அப்போது நான் பாடத்தில் 'பிழை' என்ற சொல்லுக்கு அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கட்டுப்போட்ட கையோடு ஆபீசில் வந்து உட்கார்ந்தான். கட்டத்தில் அந்த ஒரு வரி விழுந்தால் அவனுக்கு நிரந்தரமும் இல்லை, வேலையும் இல்லை. இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"நாந்தான் சார் கைய வுட்டுட்டேன். எழுதிக்கோ," என்றான், என்னைப் பார்க்காமல்.

சார் பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. "வலைய எவன் கழட்டச் சொன்னது?"

எட்டியப்பன் கைக்கட்டைச் சரிசெய்தான். மாதக்கணக்கில் வாய் ஓயாமல் ஏதென்ஸ் பேசிய நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன்.

சார் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். "எம்.ஏ., பின்னால ஒரு கும்பலே நிக்கும்னியே. கட்டம் காலியாதான் கீது."

எழுதினேன். 'சூப்பர்வைசர் சொல்லி வலை கழற்றப்பட்டது.' கீழே என் பெயர். அந்த எம்.ஏ.வில் நான் எழுதிய உருப்படியான விடை அது ஒன்றுதான்.

பதிவேட்டை முதலாளி அறைக்கு அவரே எடுத்துப்போனார். உள்ளே கத்தல் கேட்டது. எட்டியப்பன் வேலை நிரந்தரமாயிற்று. எனக்கு மெமோ வந்தது. அவரை ஸ்டோருக்குத் தூக்கிப் போட்டார்கள். 'கவனக்குறைவு' என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து பல மாதம் நான் கேட்கவில்லை. பட்டப்பெயரை விட்டுவிடலாம் என்று பார்த்தோம்; அவருக்கு வேறு பெயர் இருந்தது யாருக்கும் ஞாபகமில்லை.

ரிசல்ட் வந்த அன்று மதியம் ஸ்டோருக்கு ஓடினேன். "சார், கிரேக்க நாடகம் பாஸ்."

அவர் நிமிரவில்லை. டப்பாவிலிருந்து ஒரு மோர் மிளகாயை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"திருத்தினவனோட கவனக்குறைவு."